தாமரை அக்கா குறித்த நேரம்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

தன் முகத்தில் விழித்தால் விளங்காது என்று தோப்பே ஒதுக்கியதால், ஆந்தை செல்போனில் பூப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு, ‘தாமரை அக்கா’ என்ற பெயரில் எல்லோருக்கும் நல்ல நேரம் குறித்துக் கொடுத்தது. அக்காவைக் கேட்காமல் தோப்பில் யாரும் கூடு கட்டுவதில்லை.

ஒருநாள் கோழி எழுதியது: “அக்கா, நீங்க சொன்ன நேரத்துல அடைகாத்தேன். ஒண்ணுகூடக் கூமுட்டை ஆகலை! வீடியோவுல வாங்க, உங்க முகத்தைப் பார்க்கணும். காலையில அந்தப் பாழாப்போன ஆந்தை மூஞ்சியில வேற முழிச்சுத் தொலைச்சேன்.”

ஆந்தைக்கு இறகெல்லாம் வியர்த்தது. முகம் தெரிந்தால் அக்கா என்று கூப்பிட ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் பதில் போட்டது: “பஞ்சாங்கம் பார்த்தேம்மா. நான் முகம் காட்ட இந்த வருஷம் முழுக்க நல்ல நேரமே இல்லை.”

“நல்லவேளை சொன்னீங்க அக்கா!” என்றது கோழி.