அரசியல் பேசாத மைக்

"கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம்" என்று தேவாலயத்தின் சேகரக் கமிட்டியில் பிடிவாதமாக நின்று அந்த மைக்கை வாங்க வைத்தவளே ஜெபக்கனிதான். அரசியல் வாடை அடித்தால் போதும், அது தானாகவே அணைந்துவிடும்.

இந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே அவள் போதகரிடம் போய் அழுதாள். "ஆலைக் கழிவக் கொளத்துல விடாதியன்னு கேட்டதுக்கு எம்மவன ஜெயில்ல போட்டுட்டாவ, ஐயா. அவன் பேரச் சொல்லி ஜெபிங்க."

"சிறையில் இருக்கும் தம்பி எபிராஜுக்காக..." என்று போதகர் தொடங்கியதுமே மைக் அணைந்தது. சபை கண்ணை மூடியபடி காத்திருந்தது. தொண்டையைத் திறந்து கத்தியாவது ஜெபிக்கலாமா என்று அவர் தயங்கினார். பிறகு, மழைக்காக ஜெபித்தார்.

மைக் உடனே உயிர்பெற்றது. சபை முழுவதும் ஆமென் என்றது.

பழக்க தோஷத்தில் ஜெபக்கனியும் சொல்லிவிட்டாள்.