பூவைக் கிள்ளிய கை

"இங்க வந்து பாருங்க! இன்னிக்கும் அஞ்சு கன்னுல பூவக் காணோம்!"

இடுப்பில் பிள்ளையோடு முந்திரிக் கன்றுகளுக்கு நடுவே நின்று கத்தினாள் அய்யம்மாள்.

தோட்டக்கலை ஆபீசில் கொடுத்த முப்பது ஒட்டுக் கன்றுகள். கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் காப்பாற்றியவை. நட்டு ஒன்றரை வருஷத்தில் பூத்துவிட்டனவே என்று போன வாரம்தான் பூரித்துப் போயிருந்தாள்.

"பூச்சி வெட்டியிருக்கும்டி" என்றான் கணவன் சோலைமுத்து.

"உங்க ஊருப் பூச்சி வளையல் போடுமாக்கும்?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சாயியின் காடு. ஆடு மேய்ந்த சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சாயி கையில் எப்போதும் பச்சை வளையல்தான்.

"அவளும் இதே கன்னுதான் வச்சிருக்கா. நம்மளுது முந்திக் காச்சிருமோன்னு வயித்தெரிச்சல்!"

"கண்ணால பாக்காமப் பேசாத."

அய்யம்மாள் கேட்கவில்லை. விறுவிறுவென்று வேலியோரம் போனாள். ஒரு கை மண்ணை அள்ளித் தூற்றினாள்.

"என் பூவக் கிள்ளுன கை வெளங்காமப் போகட்டும்!"

களை வெட்டிக்கொண்டிருந்த பேச்சாயி நிமிரவே இல்லை.

"பதில் வருதா பாருங்க. அவதான்!"

மறுநாள் தோட்டக்கலை ஆபீசர் பைக்கில் வந்து இறங்கினார். புகார் சொல்ல அய்யம்மாள் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:

"சபாஷ்மா! முதல் ரெண்டு வருஷம் பூவக் கிள்ளி எறியணும், அப்பத்தான் கன்னு தெம்பா வளரும்னு கூட்டத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யாருக்கும் மனசு வரல. இந்த ஊர்ல கிள்ளுனது நீங்களும் அந்தப் பக்கத்துக் காட்டம்மாவும்தான்."

"எந்தக் கூட்டம் சார்?"

"போன மாசம் நடந்துச்சே."

அன்றைக்கு அவள் காய்ச்சல்காரப் பிள்ளையோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அய்யம்மாள் மெல்ல வேலியோரம் போனாள். பேச்சாயியின் கன்றுகளிலும் ஒரு பூ இல்லை.

"மதினி... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"பூத்ததக் கிள்ளிப் போடுன்னு நான் சொல்லி நீ கேட்டிருப்பியாக்கும்?"



வேலி இடுக்கில் பச்சை வளையல் கை ஒன்று நீண்டது.

"இந்தா பாரு, கை வெளங்கித்தான் இருக்கு. கடைசி வரிசை பாக்கி கெடக்கு. நீ கிள்ளுறியா, நானே வரவா?"