டேங்கர் இளைத்த கதை

“துப்பு” என்றாள் அக்கா, உள்ளங்கையை அவன் வாய்க்கு நேராக நீட்டியபடி.

டேங்கர் துப்பினான். அரை பிஸ்கட். அக்கா அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, டாக்டர் மாதிரி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எலும்பு தட்டுப்பட்டது. அவளுக்குத் திருப்தி.

பையன் இப்படி உருகுவதைப் பார்த்து அவன் அம்மா முதலில் ஏதோ நோய் என்று பயந்தாள். பிறகு காதல் என்று முடிவு கட்டினாள். தினமும் ஒரு பெண் போன் செய்து இன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தால் எந்தத் தாய்தான் வேறு மாதிரி நினைப்பாள்? உண்மையில் அவள் காதலியும் இல்லை, கூடப் பிறந்த அக்காவும் இல்லை. கல்லூரியில் இவனுக்கு சீனியர். காடு மேடெல்லாம் ஏறி இறங்கும் வண்டியைத் தாங்களே செய்து போட்டிக்குக் கொண்டுபோகும் மாணவர் குழுவின் கேப்டன். டேங்கர் அந்த வண்டியின் டிரைவர்.

அக்காவுக்கு எடை என்றாலே ஆகாது. போட்டி நடத்துபவர்கள் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி எஞ்சினைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் யார் வண்டி லேசோ அவர்களுக்குத்தான் கோப்பை என்பது அவள் கட்சி. பெடலில் ஓட்டை போட்டாள், பிராக்கெட்டில் ஓட்டை போட்டாள், கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை எல்லாம் அறுத்தெறிந்தாள். பெயிண்ட்கூட ஒரு பூச்சோடு நின்றுவிட்டது. இனிமேல் குறைக்க வண்டியில் ஒன்றும் இல்லை என்றானபோது அவள் பார்வை டிரைவர் மேல் விழுந்தது.

“வண்டியிலயே பெரிய பார்ட் நீதான்டா” என்றாள்.

சேற்றில் வண்டி ஓட்ட அவனை விட்டால் அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது. சக்கரம் வழுக்கப்போவது சக்கரத்துக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த சீட்டில் ஒருநாள் உட்காரலாம் என்றுதான் இரண்டு வருடம் வண்டிக்கு அடியில் கிடந்து கிரீஸில் குளித்தான். ஆனால் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள், இளைத்தால் சீட் உனக்கு, இல்லாவிட்டால் ஊசிக்கு என்று. ஊசி என்பவன் குழுவிலேயே ஒல்லியானவன். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

அன்றிலிருந்து டேங்கருக்கு வெள்ளரிக்காயே வாழ்க்கையாகிப் போனது. பட்டறையில் இரும்பு நிறுக்கும் தராசில் வாரம் தவறாமல் அவனையும் ஏற்றி நிறுத்தார்கள். அம்மா மனசு கேட்காமல் பையில் ஒளித்து அனுப்பிய டப்பாவை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். மற்றவர்கள் அதை அவன் கண் முன்னாலேயே காலி செய்தார்கள். அம்மா கைப் பக்குவம் பிரமாதம் என்று பாராட்டு வேறு.

ஒரே ஒருமுறை அவன் வாயைத் திறந்து பார்த்தான். போன வருஷம் ஜெயித்த வண்டியின் டிரைவர் தன்னைவிடக் குண்டு என்றான். அது அவர்கள் சஸ்பென்ஷன் நன்றாக அமைந்ததால் வந்த வெற்றி என்று அக்கா அந்த வாயை அடைத்துவிட்டாள். வேறு எதையும் போட்டு அடைக்கவில்லை.

நேற்று போட்டி மைதானத்தில் வந்து இறங்கியதும் டிரைவர்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் என்று மைக்கில் அறிவித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில், மதியச் சாப்பாட்டோடு சேர்த்து. டேங்கர் அறிவிப்பு முடிவதற்குள் பாதி தூரம் போய்விட்டான். அக்கா ஓடிப்போய் காலரைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். ஹெல்மெட் எப்படி மாட்டுவது என்று சொல்லித்தருவார்கள், உனக்குத் தெரியாததா என்றாள். அவன் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்று வண்டிச் சோதனை. மைதானத்து ஷெட்டில் பரிசோதகர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரேக்கை மிதித்ததும் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் சீட்டைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டின் வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை. வண்டியைத் தராசில் ஏற்றியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். வந்திருக்கும் வண்டிகளிலேயே லேசானது இதுதான் என்றார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“டிரைவரையும் ஏறச் சொல்லுங்க” என்று பக்கத்திலிருந்த சின்னத் தராசைக் காட்டினார் பரிசோதகர்.

டேங்கர் ஏறினான். சீட் கிடைத்த சந்தோஷத்தில் ஆரம்பத்தில் தைத்த பந்தய உடை இப்போது அடுத்தவனிடம் இரவல் வாங்கியது போலத் தொளதொளத்தது. அக்கா எட்டி எண்ணைப் பார்த்தாள். முழுசாகப் பதினோரு கிலோ குறைந்திருந்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அவனை வதைத்ததற்கெல்லாம் சேர்த்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“சாதிச்சுட்டடா தம்பி.”

அந்த வார்த்தைக்காக இன்னும் ஒரு மாதம்கூடப் பட்டினி கிடக்கலாம் என்று டேங்கருக்குத் தோன்றியது. பசிகூட ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

பரிசோதகர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வந்த எல்லோரிடமும் சொல்லிச் சலித்த குரலில் சொன்னார்:

“ஒல்லி டிரைவரால எந்த டீமுக்கும் லாபம் வரக் கூடாதுல்ல, நேத்து கூட்டத்துல சொன்ன டிரைவர் எடைக்குக் குறையுற பதினோரு கிலோவுக்கு இரும்பை சீட்டுக்கு அடியில முடுக்கிட்டு வாங்க.”