நாற்பத்தோராம் பக்கத்து உதவியாள்

“இன்னைக்கு பெப்ரவரி பதினாறு. ஜனவரி அஞ்சாந் தேதியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இன்னமும் எங்கப்பாவ உதவியாள்னுதாங்க போட்டிருக்கீங்க.”

ராமச்சந்திரன் மேடைமீது ஏறி, அச்சுப்படியை மேசையில் விரித்து, நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை ஊன்றினார். ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்து இசைக்குழுவைப் பற்றிய ‘ஓப்பநாயக்க ஜாஸ்’ என்னும் வரலாற்று நூல் மறுநாள் அச்சுக்குப் போகிறது. திருத்தம் சொல்ல அன்றே கடைசிக் கூட்டம்.

பக்கத்தில் ஒரு படம். 1961இல் துரைமார் கிளப்பில் எடுத்தது. பியானோவில் உதவி மேலாளரான சின்னத்துரை, சாக்ஸபோனில் டீமேக்கர், கிட்டாரில் பெரிய கிளார்க், டிரம்ஸில் கிளப் செயலாளர். ஓரத்தில் வெறுங்காலோடு, தோளில் தப்பு என்னும் பறையை மாட்டியபடி ராமச்சந்திரனின் அப்பா பெருமாள். நால்வருக்குப் பெயர் போட்டிருந்தார்கள். ஐந்தாமவர் ‘உதவியாள் ஒருவர்’.

பெருமாளின் பெயர் வாழ்நாளில் ஒருமுறைகூட அச்சில் ஏறியதில்லை. தோட்டத்துச் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டிலும் அவர் நூற்றுப் பதினெட்டு என்னும் எண்தான். இந்த நூலிலும் விடுபட்டால் இனி எந்த நூலில் ஏறப்போகிறது?

நூலைத் தொகுத்த கலாசார அலுவலர் ஜதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரத்தினபுரிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள். எந்த ஊர் என்று அவரை யாரும் கேட்டதில்லை. பேச்சே யாழ்ப்பாணம் என்று சொல்லிவிடும்.

“அண்ணை, எழுத்தில இல்லாததை நான் எப்பிடிப் போடுறது? தப்பைத் தூக்கிக்கொண்டு நிண்டவரெல்லாம் வாசிச்சவர் எண்டு சொல்லேலாது.”

முன்வரிசையிலிருந்து மூக்காயியின் குரல் வந்தது. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். “சும்மா தூக்கிக்கிட்டு நிக்க அது என்ன தொரையோட குடையாங்க?”

மண்டபம் சிரித்தது. ஜதீஸ்வரன் சிரிக்கவில்லை.

ராமச்சந்திரன் விடவில்லை. “இந்தப் படத்துல இருக்கவங்க வாசிச்ச பாட்டோட மொத அடி செயலாளர் கண்டுபிடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. அது எங்க மேல் டிவிசன் பெரட்டுத் தப்புங்க. காலையில ஆளுகள வேலைக்குக் கூப்பிட எங்கப்பா அடிச்சது. ஒவ்வொரு டிவிசனுக்கும் தனி முடிப்பு உண்டு. இல்லாட்டி கீழ் டிவிசன்காரன் எங்க களத்துல வந்து நிப்பான்.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

“நிலாம் கிட்ட அந்தப் பாட்டோட டேப்பு இருக்கு. முடிப்புக்கு முன்னுக்கே அறுந்திருச்சு. ஆனா அது வரைக்கும் கேட்டா போதும். எங்க டிவிசன்ல பொறந்தவன் கை சும்மா இருக்காது, மிச்சத்தத் தட்டிரும்.”

“உங்கட ஆக்கள் முதலே பேசி வச்சுத் தட்டலாம்தானே. எனக்கு வெளியாள் ஒருத்தற்ற சாட்சி வேணும். டேப் ஒண்டும் வேண்டாம், நேரம் போகுது.”

“சரி,” என்றார் ராமச்சந்திரன். பின்னால் திரும்பினார். “மேல் டிவிசன் ஆளுக எல்லாரும் கையக் கட்டிக்கங்க. ஒருத்தரும் தட்டக் கூடாது. கேட்ட பொறகும் ஐயா வேணாம்னா, நான் வாயத் தொறக்கல. உதவியாளாவே கெடக்கட்டும்.”

மூக்காயி உட்பட, வரிசை வீட்டு லயங்களின் ஒற்றையறைக் காம்பராக்களிலிருந்து வந்திருந்த பதினொரு பேரும் கைகளை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டார்கள். வானொலி திருத்தும் நிலாம், தான் ஒட்டிச் சீராக்கிய ஒலிநாடாவை ஓடவிட்டார்.

முதலில் இரைச்சல். யாரோ கோப்பை வைக்கும் ஓசை. பியானோ இரண்டு முறை தயங்கி நின்றது. பிறகு தப்பு எழுந்தது.

டண் டகடண், டண் டகடண்.

சாக்ஸபோன் அந்த அடிக்குப் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது, பியானோவும் வழிவிட்டது. வெறுங்காலோடு நின்ற மனிதர் முன்னே நடக்க, சப்பாத்துக் கால்கள் நான்கு சோடி பின்தொடர்ந்தன. அடி வேகம் கொண்டது, உச்சிக்கு ஏறியது, முடிப்புக்காக மூச்சைப் பிடித்தது.

நாடா அறுந்தது.

கட்டிய கைகள் கட்டியபடியே இருந்தன. மூக்காயியின் விரல்கள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தன. ஒருவரும் அசையவில்லை.

டக், டக்க டக், டக்.

முடிப்பு கேட்டது. ஓரடி பிசகவில்லை.

ராமச்சந்திரன் சினத்தோடு பின்னால் திரும்பினார். பதினொரு சோடிக் கைகளும் மார்பில்தான் இருந்தன. அவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேசைமேல் கிடந்த தம் விரல்களை, பிறருடையவை போல் பார்த்தபடி அமர்ந்திருந்தார் ஜதீஸ்வரன்.

மூக்காயி எழுந்தார். “ஐயா எந்த லயமுங்க?”

அலுவலர் மேசைமேலிருந்த விரல்களை மடக்கினார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்து ‘உதவியாள் ஒருவர்’ என்பதை அழுத்தி அடித்தார்.

“ஏழாம் லயமுங்க,” என்றார். “கடைசிக் காம்பரா.”

சித்திரையில் நூல் வெளிவந்தது. அதன் முதல் பக்கத்தில் தொகுப்பாசிரியர் பெயருக்குக் கீழே பிறந்த இடம் இருந்தது: மேல் டிவிசன், ஏழாம் லயம். அதற்கும் கீழே ஒரே வரி: ‘வாசகரே, நாற்பத்தோராம் பக்கத்தை முதலில் திறவுங்கள், வெறுங்காலோடு நிற்பவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதன்பின் மற்றதை வாசியுங்கள்.’