ஒன்பது மில்லி

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, தொழிற்பேட்டையின் பதினேழாம் எண் கொட்டகைக்குள் வெள்ளை பிக்கப் ஒன்று பின்பக்கமாக நுழைந்து நின்றது.

கொட்டகை மாஸ்டருடையது. பிக்கப் வண்டிகளின் சரக்குத் தட்டில் ரப்பர் போன்ற கறுப்புப் பூச்சைத் தெளிப்புத் துப்பாக்கியால் அடிப்பது அவர் தொழில். லைனர் என்பார்கள். தட்டு முழுக்க மூன்று மில்லிமீட்டர் கனம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். அதனால் ‘மூணு மில்லி மாஸ்டர்’ என்று பெயர். பெயரை மட்டும் கேட்டுவிட்டு அவரைக் குடிகாரர் என்று நினைத்தவர்களும் உண்டு.

வண்டியிலிருந்து இறங்கியவருக்கு நாற்பது வயது இருக்கும். “ஏற்கெனவே லைனர் அடிச்சதுதான்ணே. தரம் எப்படின்னு பார்த்துச் சொல்லணும்.”

மாஸ்டர் தட்டில் ஏறி மண்டியிட்டார். டார்ச்சைப் படுக்கவைத்து வெளிச்சத்தைத் தரையோடு தரையாக ஓடவிட்டார். ஊசி ஊசியாக ஓட்டைகள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார், உள்ளே போனது. கனம் பார்க்கும் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஒன்று, ஐந்து, இரண்டு.

“தகட்டைத் தேய்க்கலை, எண்ணெய் துடைக்கலை. பிடிக்க வேண்டிய ஓரத்துல பிடிக்காம, நடுவுல உடும்பு மாதிரி பிடிச்சிருக்கு. யார் அடிச்சது?”

“என் மச்சான்.”

“சரி, திட்டவும் முடியாது.”

“இதுக்கு மேலேயே புதுசா ஒண்ணு அடிச்சு மூடிடுங்களேன்.”

“பழசு கழண்டா புதுசும் கூடவே கிளம்பிடும். அடித்தகடு தெரியற வரைக்கும் உரிச்சுக் கொண்டாங்க, அடிக்கிறேன்.”

“நீங்களே உரிச்சு...”

“நான் அந்த வேலையைத் தொடறதே இல்லை. யாரும் தொடமாட்டாங்க.”

வந்தவர் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இதுக்கு அடியில ஏதாவது வெச்சு அடிச்சிருந்தா, வெளியில தெரியுமாண்ணே?”

மாஸ்டரின் கருவி அப்போது டிரைவர் பக்க மூலையில் இருந்தது. உள்ளங்கை அகல மேட்டில் அது ஒன்பது என்று காட்டியது.

“எதை வெச்சு?”

“சும்மா கேட்டேன். நாய் மோப்பம் பிடிக்குமா?”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வாரன்டி அட்டை எழுதிக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி பேனாவை மூடினாள்.

“அந்த மூலையை விட்டுடுங்கண்ணே” என்றார் வந்தவர். அவசரமாகத் தட்டுக் கதவைச் சாத்தினார். வண்டி வெளியேறியது.

மூன்று வருடங்களுக்கு முன் மாஸ்டர் லைனர் அடித்துக்கொடுத்த ஒரு வண்டியில் கடத்தல் சரக்கை ஒளிக்கும் கள்ளத்தட்டு இருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரியாது என்று நிரூபிக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் கொட்டகைக்குச் சீல். இன்னொரு முறை இப்படி நடந்தால் உரிமம் நிரந்தரமாக ரத்து என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

“போனை எடுங்க” என்றாள் மனைவி.

“அவசரப்படாதே. ஆளைப் பார்த்தா அப்பாவியாத் தெரியறார்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அந்த அப்பாவி இன்னும் உள்ளதான் இருக்கார்.”

மாஸ்டர் போலீஸைக் கூப்பிட்டு வண்டி எண்ணைச் சொன்னார். இரண்டாவது சிக்னலில் மடக்கினார்கள். வந்தவர் தட்டின் மூலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது சந்தேகத்தை உறுதிப்படுத்தியதாகப் பின்னால் எழுதப்பட்ட அறிக்கை சொல்கிறது. நாய் வந்தது, ரப்பர் வாடையில் இரண்டு முறை தும்மிவிட்டுப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஆறு காவலர்கள், சூடான காற்றை ஊதும் துப்பாக்கி, உளி, சுத்தியல், நாலு நாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டரே பேசினார்.

“யோவ் மாஸ்டர், ஒரு மண்ணும் இல்லை. அந்த மூலையில துப்பாக்கியை நிறுத்தாம ஒரே இடத்துல அடிச்சிருக்கான், அவ்வளவுதான். என் ஆளுங்க கையெல்லாம் கொப்புளம்.”

“என் பேரைச் சொல்லிட்டீங்களா சார்?”

“நாங்க சொல்லலை. ஆனா, உன் கடையை விட்டு வந்த பத்தாவது நிமிஷம் மடக்கியிருக்கோம். அவருக்குக் கணக்குத் தெரியாதா? வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டோம். பார்த்து இருந்துக்கோ.”

அன்று இரவு மாஸ்டர் சாப்பிடவில்லை. “ஒரு வாரம் எங்க அக்கா வீட்டுல இருந்துட்டு வரலாம்” என்றாள் மனைவி. “எட்டு மாசம் மூடினது போதாதா?” என்றார் மாஸ்டர்.

திங்கட்கிழமை காலை வெள்ளை பிக்கப் மறுபடியும் பின்பக்கமாக நுழைந்தது. மனைவி கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். மாஸ்டர் கைக்குக் கிடைத்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

வந்தவர் இறங்கினார். நிதானமாக நடந்து வந்தார். மாஸ்டரின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தட்டுக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நாலு மூலையிலும் வெறும் தகடு. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

“இப்ப அடிக்கலாமில்ல?”

வந்தவர் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னாடி ஏழு கடையில இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துட்டேன்ணே, போலீஸுக்குப் போன் பண்ண உங்க ஒருத்தருக்குத்தான் மனசு வந்துச்சு.”