சிவப்பே ஆகாது

கம்ப்யூட்டர் திரையில் வலிமைச் சோதனையில் இருந்த சின்னக் கண்ணாடித் தகடு நட்டநடுவே சிவந்து கிடந்தது. ஒரு குத்து விட்டாலே உடைந்துவிடும் என்று அர்த்தம்.

"என்னம்மா இது, ரத்தக்களறியா இருக்கு? மெட்டீரியலை மாத்து" என்றார் மேனேஜர்.

"சார், இது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தாள் டிசைனர்.

"எதுக்கா இருந்தா என்ன? நான் கையெழுத்துப் போடுற எதுவும் உடையக் கூடாது."

சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு அக்ரிலிக்கைப் போட்டாள். சிவப்பு மஞ்சளானது. அவர் உதட்டைப் பிதுக்கினார். அதைவிட உறுதியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைப் போட்டாள். தகடு முழுக்க நீலம்.

"ஆங், இப்பத்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு!"

சாம்பிள் வந்த அன்று, கஸ்டமர் எதிரிலேயே மேனேஜர் சுத்தியலை ஓங்கி நாலு போடு போட்டார். கீறல்கூட விழவில்லை.

"எப்படி நம்ம சரக்கு?" என்றார் மூச்சு வாங்க.

டிசைனர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஸ்டமர், தான் கொண்டுவந்திருந்த பெட்டியில் அந்தத் தகட்டைப் பொருத்தி, மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தார். அதன் மேல் கொட்டை எழுத்தில், சிவப்பாக எழுதியிருந்தது:

"தீப்பிடித்தால் கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அழுத்தவும்."