பச்சைக் குல்லா போட்ட இலை

கீர்த்திவாசன் பதினோராவது குறையை எழுதி முடித்தபோது, வேன் அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் நின்றது.

பத்தாவது குறை, பைக்காராவில் பத்தே நிமிடம் கொடுத்தது. ஒன்பதாவது, மகன் அஸ்வந்த் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தது. அதற்கு வேன்காரர்கள் என்ன செய்வார்கள் என்று மனைவி ஸ்ரீமதி கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயமுத்தூரில் ஹெட் கிளார்க். குறை எழுதுவது அவருக்குக் கை வந்த கலை.

அவருடைய அலுவலகத்தில் இருபது குடும்பங்கள், ஜனவரியில் பிள்ளைகுட்டிகளோடு ஊட்டி வருவதாக இருந்தார்கள். கைடு வைத்துக் கூட்டமாகப் போவது தேறுமா, தேறாதா என்று முதலில் பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள்.

குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஒரு கைடின் பின்னால் ஓடுவதெல்லாம் சுற்றுலாவா என்பது அவர் கட்சி. நாலு பிள்ளைகள் சேர்ந்தால்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்பது ஸ்ரீமதி கட்சி. புதன்கிழமையில் வந்தது மட்டும் அவருடைய யோசனை. கூட்டம் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டால் குடியா முழுகிவிடும்?

கைடு ஜஸ்டஸ் காலையிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். குடும்பத்தோடு வருகிறவர்கள் ‘மறுபடியும் வருவோம்’ என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால்தான் இந்த வேன் ஓடுமாம். இல்லாவிட்டால் முதலாளி தேனிலவு ஜோடிகளை மட்டும் ஏற்றிக்கொள்வாராம். ஜோடிகளுக்குக் கைடு எதற்கு? மனிதர் வேலை போய்விடும்.

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பச்சை இலை விலை விழுந்ததில், ஒன்றரை வருடமாக மூடிக் கிடக்கிறதாம்.

தேயிலை தயாராவதை நேரில் காணலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தீர்களே என்று கீர்த்திவாசன் கேட்டார். கேட்டுக்கொண்டே படிவத்தின் பின்பக்கத்தில் ‘12’ என்று எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டார்.

பதினெட்டு வருடம் இங்கேதான் இலையைத் தூளாக்கும் டீ மேக்கராக இருந்தேன் என்றார் ஜஸ்டஸ். மெஷின் ஓடாவிட்டால் என்ன, இலை இருக்கிறதே என்று வேனில் வந்த எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளையும் கைகாட்டினார். பிறகு இரண்டு கைகளையும் வாயில் குவித்து, தொழிற்சாலைச் சங்கு மாதிரி ஊதினார்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. அஸ்வந்தும் அக்கா ஸ்வேதாவும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். ஜஸ்டஸ் இன்னொரு முறை ஊதினார். இந்தத் தடவை குரல் பிசிறியது. கீர்த்திவாசனுக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை மூடவில்லை.

அப்போது பச்சைக் குல்லா போட்ட ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, இலை வாட்டும் நீளத் தொட்டியில் ஏறி மல்லாந்து படுத்தாள். எட்டு வயது இருக்கும். கண்ணை மூடி, கையும் காலும் துவள, மெல்ல மெல்ல வாடினாள்.

ஸ்வேதா சிரித்துவிட்டாள். அடுத்த நிமிடம் அவளும் தொட்டியில் வாடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. இலைகள் தரையில் உருண்டன, பச்சைக் குல்லா காட்டிக்கொடுத்த வழியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கின. டிரையருக்கு ஆள் இல்லை என்று அவள் கீர்த்திவாசனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ஹெட் கிளார்க் கைகளை விரித்து நின்று, கடந்துபோன ஒவ்வொரு பிள்ளையின் மேலும் உஷ்ணமாக ஊதினார். கடைசியில் தூளைச் சல்லடையில் சலிக்கும் கட்டம். எல்லா இடுக்கிலும் நுழைந்து வெளியே வந்தவன் அஸ்வந்த் ஒருவன்தான். அவன்தான் பொடியிலும் பொடியான டஸ்ட் ரகம் என்று ஜஸ்டஸ் அறிவித்தார். வாந்தி எடுத்த பிள்ளை, நான் டஸ்ட், நான் டஸ்ட் என்று குதித்தான்.

வேனுக்குத் திரும்பியதும் கீர்த்திவாசன் பதினோரு குறைகளையும் ஒரே கோடாக அடித்தார். ‘மறுபடியும் வருவோம், இருபது குடும்பம்’ என்று எழுதினார். எந்த நாள் என்ற இடத்தில் ‘புதன்’ என்று போட்டார்.

"எந்த ஊட்டுப் புள்ளையோ, அது ஒண்ணு இல்லீன்னா இன்னைக்குப் பொழுதே போயிருக்காது" என்று ஸ்ரீமதியிடம் சொன்னார். நாலு பிள்ளைகள் சேர்ந்தால்தான் கொண்டாட்டம் என்று, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் சேர்த்துக்கொண்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வேனில் எல்லாப் பிள்ளைகளும் ஏறியாயிற்று. கைடைத்தான் காணோம். படிவத்தைக் கையோடு கொடுத்துவிடலாம் என்று கீர்த்திவாசன் இறங்கித் தேடிப் போனார்.

ஜஸ்டஸ் தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தார். பச்சைக் குல்லாவைக் கழற்றி, அந்தப் பெண்ணின் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் லீவு குடுங்கப்பா" என்றாள் அவள். "கணக்குப் பரீட்சை. போன வாரமும் மூணு நாள் ஸ்கூலுக்குப் போகல."

ஜஸ்டஸ் குல்லாவைத் திரும்ப மாட்டிவிட்டார்.

கீர்த்திவாசன் சத்தமில்லாமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். படிவத்தில் ‘புதன்’ என்பதை அடித்துவிட்டு ‘ஞாயிறு’ என்று எழுதினார். பின்பக்கம் திருப்பி, காலியாகக் கிடந்த பன்னிரண்டாவது எண்ணுக்கு நேரே எழுதினார்.

‘வார நாளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.’

ஸ்ரீமதி எட்டிப் படித்தாள். வார நாளில் வரலாம் என்று குதித்ததே நீங்கள்தானே என்று கேட்டாள்.

ஆமாம் என்றார் கீர்த்திவாசன். இத்தனை வருட சர்வீஸில் அவர் தன்மேலேயே எழுதிக்கொண்ட குறை அது ஒன்றுதான்.